ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டிய மணப்பெண்

முந்தாநாள் மத்தியானம் நம் ஊர்ச் சாரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியறைக் கதவைத் திறந்தேன். மூக்கில் முதலில் ஏறியது விளக்கெண்ணெய் வாசனை. மணப்பெண் அறையென்றால் மல்லிகை மணக்கும், புதுப்பட்டு மணக்கும், யாராவது கொட்டிய காப்பி மணக்கும். விளக்கெண்ணெய்க்கு அங்கே என்ன வேலை? மேக்கப் பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நினைக்காத நாளில்லை. ஆனால் இப்படித் திடுக்கிட்டு உன்னை நினைத்தது அன்றைக்குத்தான்.

நடந்ததை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் மூன்று தடவை கேட்டார், நாலாவது தடவை ஆரம்பித்தபோது டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். எனக்கு இன்னும் கால் தரையில் நிற்கவில்லை. நீ இருந்தால் "சுருக்கமா சொல்லுடி" என்பாய். சுருக்கமெல்லாம் முடியாது, பேசாமல் கேள்.

பெண் வில்லியனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், இங்கே டவுனில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அன்று சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடியலில் முகூர்த்தம். நான் போனபோது கட்டிலில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா, கையில் எண்ணெய்க் கிண்ணம். தொப்புளில் எண்ணெய், இரண்டு கால் பெருவிரல் நகத்திலும் எண்ணெய். நாலு நாளாக வெயிலில் பத்திரிகை வைக்க அலைந்தாளாம், சரியாகத் தூங்கவில்லையாம், சூடு பிடித்துக்கொண்டதாம். வெந்தயமும் மோரும் கொடுத்தார்களாம், காலையில் அதையும் வாந்தி எடுத்துவிட்டாளாம். "நீ ஆரம்பிம்மா, மாப்ள வீட்டுக்காரங்க அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுவாங்க" என்றார்.

நானும் ஆரம்பித்தேன். உன்னிடம் என்ன மறைக்க, வாயை மூடிக்கொண்டுதான் ஆரம்பித்தேன். மேக்கப் போட வந்தவள் வைத்தியம் பேசினால் யார் கேட்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளை நாற்காலியில் உட்காரவைத்து முன்முடியைத் தூக்கிப் பின் குத்தி, முகத்துக்குப் பூசி, வலது கண்ணுக்கு மை தீட்டி முடிக்கிறவரை என் கை அவள் முகத்தில் இருந்ததே தவிர, மனசு எட்டு வருஷத்துக்கு முன்னால் நம் கடையில் இருந்தது.

நம் பார்லர் உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஃபேஷியலுக்கு ஒரு கட்டில். மில் மூடின பிறகு நம் அப்பாக்கள் இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நாம் சேர்ந்து போய்க் கற்றுக்கொண்ட தொழில், கடைக்கு வாடகைக்கு இடம் பிடித்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. ஒருநாள் காலையில் நீ தொப்புளைச் சுற்றி வலிக்கிறதென்றாய். சூடுதான் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அந்தக் கட்டிலில் உன்னைப் படுக்கவைத்து விளக்கெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி ஒத்தடம் கொடுத்தேன். வயிறு கழுவினால் சரியாகும் என்று ஒரு கரண்டி எண்ணெயை உன் வாயிலும் ஊற்றினேன். மறுநாள் வலி வலப்பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது என்றாய். நான் அந்த இடத்தைப் பார்த்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

அன்று சாயங்காலம் வலி பட்டென்று நின்றுவிட்டது. நீ எழுந்து உட்கார்ந்து, இப்போது தேவலை என்று சிரித்தாய். நான் பீற்றிக்கொண்டது இருக்கிறதே, என் கை ராசியைப் பார்த்தாயா என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லாத குறை. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அடுத்த நாள் காலையில் ஒரு சொல்தா வீட்டுக் கல்யாணம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற அந்த வீட்டுப் பெரியவர் நம்மை வாசலில் நின்று வரவேற்றார். பெண்ணின் சடையில் பூ வைத்துக்கொண்டிருந்த நீ, கையில் ஊசியோடு அப்படியே சரிந்தாய். தொட்டால் உடம்பு கொதித்தது, வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தால் குடல்வால் வெடித்து உள்ளே எல்லாம் சீழ். மூன்று வாரம் படுத்துக் கிடந்தாய். வெடித்ததால்தான் அந்த வலி நின்றது, அதை நாம் குணமென்று நினைத்துக் கொண்டாடியிருக்கிறோம்.

நீ கண்விழித்த பிறகு அந்த டாக்டரம்மா வந்து, வயிற்றைத் தேய்த்து எண்ணெய் கொடுத்தது யார் என்று கேட்டார். நான் உன் கால்மாட்டில் நின்றேன். வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "நானேதான் தேய்ச்சிக்கிட்டேன் டாக்டர்." அவர் உன்னைத்தான் திட்டினார். நீ பாவம்போல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டாய். அவர் போனதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அதற்குப் பிறகு அதைப் பற்றி நானும் பேசவில்லை, நீயும் பேசவில்லை. உன் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

பிழைத்து வந்த பிறகு நீ செய்த அட்டகாசம் கொஞ்சமா? கடைக்குப் புருவம் திருத்த வருகிறவள் வயிற்றைப் பிடித்தால் போதும், நூலைக் கீழே போட்டுவிட்டு விசாரணையை ஆரம்பித்துவிடுவாய். முதலில் எங்கே வலித்தது, இப்போது எங்கே வலிக்கிறது, பசி இருக்கிறதா, குமட்டுகிறதா, இருமினால் சுருக்கென்று குத்துகிறதா. "வலி எடம் மாறினா நாமளும் எடம் மாறிடணும், ஆஸ்பத்திரிக்கு" என்பாய். அதைவிட அடிக்கடி சொன்னது, "வலி பட்டுனு நின்னா சந்தோஷப்படாத, அப்பதான் ஓடணும்." டாக்டருக்குப் படித்தவள் மாதிரிப் பேசுகிறாளே என்று நான் கேலி செய்வேன். உனக்கு வந்த மாரடைப்பு ஒரே காலையில் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. அதனிடம் கேள்வி கேட்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

சரி, மண்டபத்துக்கு வருகிறேன். இடது கண்ணுக்குப் போவதற்கு முன்னால் முன்முடி கலையாமல் இருக்க ஸ்ப்ரே அடித்தேன். அந்த நெடியில் அந்தப் பெண்ணுக்கு இருமல் வந்தது. ஒரே ஒரு இருமல்தான். அம்மா என்று கத்திக்கொண்டு வலப்பக்கம் அடிவயிற்றை இரண்டு கையாலும் பிடித்து மடங்கிவிட்டாள். ஸ்ப்ரேயைக் கீழே வைத்துவிட்டேன்.

உன் கேள்விகள் என் வாயிலிருந்து வரிசையாக வந்தன. நேற்றுக் காலையில் தொப்புளைச் சுற்றி ஆரம்பித்ததாம். இப்போது இங்கே என்று வலது பக்கம் கீழே விரலை வைத்தாள். தண்ணீர் குடித்தாலும் குமட்டுகிறதாம். நெற்றியைத் தொட்டேன், கணகணவென்று இருந்தது. இது சூடு இல்லை, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அறையில் ஆளாளுக்குப் பேசினார்கள். அவளுடைய அத்தை திருஷ்டி என்றார், உப்பும் மிளகாயும் கொண்டுவரச் சொன்னார். மணப்பெண்ணே வலி மாத்திரை போட்டிருப்பதாகவும் கொஞ்சம் குறைந்தமாதிரி இருப்பதாகவும் சொன்னாள். தாலி கட்டி முடிந்ததும் போய்க்கொள்ளலாம் என்று என்னிடமே கெஞ்சினாள். அவள் அம்மா பாவம், அழுதேவிட்டார். கல்யாணம் நின்றுபோனால் பெண்ணுக்கு ஏதோ நோவு என்று பேர் வந்துவிடும், அதற்குப் பிறகு யார் கட்டுவார்கள் என்பதுதான் அவர் பயம். அழுதுகொண்டே, தேய்த்தால் அடங்கிவிடும் என்று கிண்ணத்தில் விரலை விட்டு மகளின் வயிற்றுக்குக் கையைக் கொண்டுபோனார்.

நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். பிடித்த பிறகுதான் பிடித்ததே எனக்குத் தெரிந்தது.

"அக்கா, தேய்க்காதீங்க. எட்டு வருஷம் முன்னாடி என் கூட்டாளி வயித்த நான் இப்படித்தான் தேய்ச்சேன். உள்ள வெடிச்சிடுச்சு. தேய்ச்சதால வெடிச்சுதோ, நான் நாள கடத்தினதால வெடிச்சுதோ, தெரியாது. ரெண்டும் நான்தான் பண்ணேன். இத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லக்கா."

நினைத்துப் பார், ஏழு வருஷம் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, பேர்கூடத் தெரியாத ஏழெட்டுப் பேர் முன்னால் சொல்லிவிட்டேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாவின் கை தளர்ந்தது. புடவைத் தலைப்பில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டார்.

மாப்பிள்ளை வீட்டுக்கு யார் சொல்வது என்று மறுபடியும் இழுக்கப் பார்த்தார்கள். மாப்பிள்ளையும் டச்சப்புக்கு என்னிடம்தான் சொல்லியிருந்தான், நம்பர் என் போனில் இருந்தது. யாரையும் கேட்கவில்லை, போட்டுவிட்டேன். "தம்பி, பொண்ணுக்கு அப்பெண்டிக்ஸ் மாதிரி தெரியுது, கார எடுத்துக்கிட்டு உடனே வாங்க" என்றேன். "அக்கா, தண்ணிகிண்ணி ஏதும் குடுத்துடாதீங்க, வந்துட்டேன்" என்றான். அவன் தம்பிக்கு முன்னாலேயே இது வந்திருக்கிறதாம். மூலக்குளத்து வீட்டிலிருந்து எப்படித்தான் வந்தானோ, பனியனோடு படியேறி வந்து நின்றான். மாப்பிள்ளை பார்க்கும்போது யாரும் இதையெல்லாம் விசாரிப்பதில்லை, ஆனால் இந்தப் பெண்ணுக்கு நல்ல இடம்தான் அமைந்திருக்கிறது.

நம் ஊரில் எத்தனை வேகத்தடை இருக்கிறதென்று அன்றைக்குத்தான் எண்ணினேன். ஒவ்வொன்றிலும் கார் ஏறி இறங்கும்போது அவள் என் கையை நெரித்தாள். குலுங்கினால் வலிக்கிறதென்றால் அது அதுதான் என்று நீ அடித்துச் சொல்வாய். அந்தப் பையன் ஒவ்வொரு தடைக்கும் முன்னால் சாரி சொன்னான். நாலாவது சாரிக்கு அவள் அந்த வலியிலும் சிரித்துவிட்டாள், சிரித்ததற்கும் வலித்தது.

அவசரப் பிரிவில் டாக்டர் அவள் வயிற்றை மெதுவாக அழுத்திக் கையைச் சட்டென்று எடுத்ததும் அலறினாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், உடனே ஆபரேஷன் என்றார்கள். அப்போது பார், நர்ஸ் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நெயில் பாலிஷ் இருந்தால் விரலில் மாட்டுகிற மெஷின் சரியாகக் காட்டாது என்று பஞ்சைத் தேடுகிறார். என் பெட்டி என் கையிலேயே இருந்தது. பத்து விரலையும் நானே துடைத்தேன், முடியிலிருந்த பின்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். அலங்காரம் பண்ணிப் பண்ணியே பழகின கை, அன்றைக்குக் கலைத்தது. "அக்கா, இன்னொரு கண்ணுக்கும் போட்டு விட்ருங்க, ஒத்தக் கண்ணோட போக மாட்டேன்" என்றாள் அந்தக் கள்ளி. நர்ஸ் சிரித்துக்கொண்டே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியே வந்த டாக்டர், நன்றாக வீங்கிப்போய் வெடிக்கிற நிலையில் இருந்ததாகவும், சுத்தமாக எடுத்துவிட்டதாகவும் சொன்னார். இன்று ராத்திரி தாண்டியிருந்தால் கதை வேறு என்றார். அந்த அம்மா கைகூப்பி அழுதார். எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ஆட்டம் போடலாமா என்றிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா மண்டபத்தில் என்ன செய்தார் தெரியுமா? வந்தவர்களிடம் பெண்ணுக்கு ஆபரேஷன் நடக்கிறது, எல்லோரும் அவளுக்காக வேண்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று சொல்லி, அத்தனை பேருக்கும் பந்தி போட்டிருக்கிறார். நோவுப்பெண் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. அடுத்த மாசமே இன்னொரு முகூர்த்தம் பார்த்துவிட்டார்கள்.

இன்றைக்குக் காலையில் அந்த அம்மா போன் பண்ணினார். பெண் நடக்க ஆரம்பித்துவிட்டாளாம், இட்லி கேட்கிறாளாம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டார்.

"அன்னிக்கு சொன்னியேம்மா, ஒன் கூட்டாளி. அவங்க இப்ப எப்படி இருக்காங்க?"

நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்க வேண்டும். வெடித்த பிறகும் பிழைத்துவிட்டாள், ஏழு வருஷம் என்னை வறுத்தெடுத்தாள், அப்புறம் வேறு ஒன்றில் போய்விட்டாள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் என் வாயில் வந்தது, "நல்லா இருக்காக்கா. இன்னும் அதே வாய்தான்" என்பதுதான்.

அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். பெரிய மூச்சு விட்டது போனில் கேட்டது. கல்யாணத்துக்கு உன்னையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம், உனக்கென்று ஒரு புடவை எடுத்து வைக்கிறாராம், என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டார். மாம்பழ மஞ்சள் என்று சொல்லிவிட்டேன்.