பழைய கார்டில் தெரியாத பள்ளம்

என் சண்டைக்கார அண்ணனுக்கு,

வொர்க்ஸ்டேஷன் கிராபிக்ஸ் கார்டை வாங்கிவிட்டேன். விலையை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் நீ எழுந்து வந்துவிடுவாய். வந்தால்தான் என்ன, எழுதிப் பார்ப்போமா என்றும் ஒரு நிமிடம் தோன்றியது.

இது நாம் வருடக்கணக்கில் போட்ட சண்டை. மட்டாஞ்சேரியில், சுக்குக் கிடங்குக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில் உட்கார்ந்து, மீன்பிடிப் படகுகளுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுக்கொடுத்து இருவரும் பிழைத்தோம். படம் பெரிதானால் திரை திணறும். உன் கேம் கார்டு போதாது, வரைபட வேலைக்கென்றே வரும் வொர்க்ஸ்டேஷன் கார்டு வாங்கலாம் என்று நான் ஆரம்பிப்பேன். "ரெண்டும் ஒரே சிப்புதான்டி. பேரை மாத்தி, விலையை ஏத்தி விக்கிறான். உனக்கு என் கார்டு போதும்" என்று நீ முடித்துவிடுவாய்.

எறணாகுளத்துக் கடைக்காரரும் ஏறக்குறைய உன்னைப் போலத்தான் பேசினார். சிப் ஒரே குடும்பம்தானாம். ஆனால் இதில் மெமரி அதிகம், இதை ஓட்டும் டிரைவர் வரைபட வேலைக்கென்றே எழுதியது என்றார். நம் பழைய பெட்டியிலேயே அதே இடத்தில் உட்காருமா என்று இரண்டு தடவை கேட்டுத்தான் வாங்கினேன்.

நியாயமாகவே ஒப்பிட்டேன் அண்ணா. ஒரே கம்ப்யூட்டர், ஒரே படம், கார்டு மட்டும் மாற்றி மாற்றி. உன் கார் பந்தய விளையாட்டில் பழையதுதான் ஜெயித்தது. புதியதில் வளைவு வந்தால் கார் கொஞ்சம் திக்குகிறது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. சரி, கொஞ்சம் வருத்தம்தான்.

மற்றபடி உன் கார்டின் விசிறி சுக்குத்தூளைத் தின்று தின்று இரைந்துகொண்டே இருக்கும். நீயும் தையல் மெஷின் எண்ணெயை விட்டுவிட்டு, அதற்கு ஆயுசு நூறு என்பாய். புதியது சத்தமே போடுவதில்லை. முதல் நாள் ஓடுகிறதா இல்லையா என்று கையை வைத்துப் பார்த்தேன்.

வேலை என்று வந்தால் பேச்சே இல்லை. பழையதில் படகின் உடம்பைத் திருப்பிப் பார்க்க வேண்டுமென்றால், கோடுகளின் நெருக்கத்தைக் குறைத்து, மொத்தையாக்கி, அப்புறம்தான் திருப்ப முடியும். புதியதில் எல்லாக் கோடுகளோடும் படகு அப்படியே திரும்புகிறது. படகின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை ஓடவிட்டு, மேடு பள்ளம் பார்க்கும் வசதி ஒன்று உண்டே, தொட்டாலே மெஷின் நின்றுபோகும் என்று நீ தொடவே விடாதது? அதையும் தொட்டேன்.

நீ கடைசியாக வரைந்த படகு, தோப்பும்படி வர்கீஸ் சேட்டன் கட்டவிருக்கும் இரும்புப் படகு, அதைத்தான் திறந்துவைத்திருந்தேன். பட்டைகள் பின்பக்கத்திலிருந்து அழகாக ஓடிவந்தன. படகின் மூக்கை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், தண்ணீர் தொடும் இடத்தில், எல்லாம் சேர்ந்து உள்ளே வளைந்தன. அங்கே ஒரு பள்ளம். கட்டைவிரல் அழுத்திய அளவுதான்.

பழைய கார்டைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன். மொத்தையாக்கிய படத்தில் பள்ளம் இல்லை, வழவழப்பாக இருந்தது. நெருக்கத்தைக் கூட்டினேன், மெஷின் நின்றுபோனது. நீ பார்த்திருக்க வழியே இல்லை. அதற்காகக் கார்டின் மேல் பழிபோட்டு உன்னைத் தப்பவிட முடியுமா? பள்ளத்தைக் காட்டாதது கார்டு, போட்டது நீ.

வேண்டுமென்றே வைத்தாயோ என்றும் யோசித்தேன். உன் முந்தைய படகுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றிலும் இப்படி இல்லை. பிறகுதான் இந்தப் படத்தை நீ கடைசியாகச் சேமித்த தேதியைப் பார்த்தேன். உனக்குக் காய்ச்சல் தொடங்கிய நாள். அன்றைக்குச் சாயாவை அப்படியே வைத்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டே மூக்குப் பகுதியை முடித்துக்கொண்டிருந்தாய். எலிக்காய்ச்சல் என்று நமக்கு அப்போது தெரியுமா?

வர்கீஸ் சேட்டனிடம் போய்ச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. "மோளே, அவன் வரைஞ்சது எனக்குப் போதும். திங்கக்கிழமை தகடு வெட்டணும். அவனோட ஓர்மைக்கு, அவன் ஞாபகமா, அது அப்படியே இருக்கட்டும், கேட்டோ" என்றார். கடலில் இழுவை கூடும், டீசல் கூடும், வளைக்கும்போது தகடும் அங்கே சரியாக உட்காராது என்றேன். அவர் துறைமுகப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. "அவன் கை கடைசியா பட்ட இடம்டி அது. அதைப் போயி அழிப்பியா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படகில் மனிதர்கள் ஏறுவார்கள் அண்ணா. உன் ஞாபகத்துக்காக அவர்கள் ஏன் ஒவ்வொரு தடவையும் கூடுதலாக டீசல் எரிக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அந்த இடத்தில் கோட்டை வளைக்க நீ வைத்த இரண்டு புள்ளிகளை அழிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வேலை. முதலாவதை அழித்தேன். இரண்டாவதுக்கு விரலை வைத்துவிட்டு, அழுது முடிக்கும்வரை எடுக்கவில்லை. பிறகு அதையும் அழித்தேன். பட்டைகள் மூக்குவரை நேராக ஓடின. மற்ற எந்தக் கோட்டையும் நான் தொட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் சேட்டன் புதிய படத்தை வாங்கித் தகடு வெட்டினார். படகு இப்போது தண்ணீரில் இருக்கிறது. அதை இறக்கிய அன்று அம்மாவையும் தோப்பும்படிக்குக் கூட்டிப்போனேன். அவள் வெகுநேரம் மூக்குப் பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இப்பவும் அவன் வரைஞ்சதுதானே?" என்று கேட்டாள்.

"அவன் வரைஞ்சதுதான்மா. காய்ச்சலை மட்டும் எடுத்துட்டேன்" என்றேன்.

நீ விட்டுப்போன மற்றப் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். தப்பு இருந்தால் உன்னைக் கேட்காமலே திருத்துவேன். சரியாக இருப்பதை யார் சொன்னாலும் தொட மாட்டேன். இது சத்தியம்.

உன்னோடு சண்டை போட்டே வரையக் கற்றுக்கொண்ட
உன் தங்கை,
செல்வி