கனத்துக்கு ஒட்டிய இரும்பு

ஐப்பசி, செவ்வாய் இரவு

வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களுக்குப் போன வாரம் பத்து பவர் சப்ளை அனுப்பினோம். கனமாக இருந்தால் நல்ல சரக்கு என்று கையில் தூக்கிப் பார்த்து எடுத்தவன் நான்தான். மீந்த ஒன்றை இன்று கழற்றினேன். கனத்துக்காக உள்ளே ஓர் இரும்புத் துண்டை ஒட்டியிருக்கிறார்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி. மலையில் மின்சாரம் ஏறி இறங்கும். தீப்பிடித்தால் உள்ளே பிள்ளைகள்.

"பத்தையும் திருப்பி எடுக்கணும்" என்றேன், கடையை நடத்தும் மகனிடம்.

"இன்னாத்துக்குப்பா? ஓடிக்கினுதான இருக்குது? வெளிய தெரிஞ்சா கடைய மூட வேண்டியதுதான்."

"மூடு."

"நீ தூக்கிப் பாத்த லட்சணத்துக்கு நான் மூடணுமா?"

தலைமையாசிரியருக்குப் போன் போட்டு, நான் வரும்வரை எந்தக் கம்ப்யூட்டரையும் போடாதீர்கள் என்றேன். மகன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். கடைப் பலகையில் இருப்பது அவன் பெயர். தப்பு என்னுடையது என்று எத்தனை முறை சொன்னாலும் கெடப்போவது அதுதான். காலையில் போகிறேன்.