வாதாம் மரமும் சரத்குமார் வண்டியும்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கோபிநாத்துக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே சாப்பிட்டுத் தூங்கி நன்றாகவே இருக்கிறேன், மழைக்கு முட்டி வலி மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. நீயும் ஹேமலதாவும் குழந்தையும் அந்தக் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதுதான் என் நினைப்பெல்லாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போன தடவை நீ ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாய், நானும் நடுவில் அழுதுவிட்டேன், விஷயம் பாதியிலேயே நின்றுபோனது. அதனால் உட்கார்ந்து எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன், நிதானமாகப் படி.

புயல் அன்று காலையிலேயே தெருவில் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. நம் பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கும் சரத்குமாரின் கார் வழக்கம்போல வெளியே தெருவில் நின்றது. உனக்கு அவனை அவ்வளவாகத் தெரியாது, நீ பிரான்சுக்குப் போன பிறகு குடிவந்தவன். இங்கே நம் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. அவன் அம்மா வீராயி கூடை தூக்கி மீன் விற்றே அவனைப் படிக்கவைத்தவர், அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கை கால் பயிற்சிக்குக் கூட்டிப்போகத்தான் அவன் அந்தப் பழைய காரை வாங்கினான். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்துவிடுமே என்று நான்தான் அவனைக் கூப்பிட்டு, நம் காம்பவுண்டுக்குள் வாதாம் மரத்தடியில் கொண்டுவந்து விடச் சொன்னேன். உங்களுக்கு வழி மறிக்குமே என்று தயங்கினான், நான் கேட்கவில்லை. சமையலை முடித்து இறக்கிவைக்கிற நேரம், காற்று ஒரு சுற்றுச் சுற்றியது, வீடே அதிர்ந்தது. மரம் வேரோடு சாய்ந்து கார் மேல் கிடந்தது. சரத்குமார் மழையில் ஓடி வந்தான், கார் பக்கம் போகவில்லை, நேரே என் கதவைத் தட்டி, “அம்மா, உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?” என்று கேட்டான். நான் நல்லபடியாக நிற்பதைப் பார்த்த பிறகுதான் திரும்பிக் காரைப் பார்த்தான். கண்ணாடி மேல் ஒட்டியிருந்த இலைகளைக் கையால் வழித்துக்கொண்டே நின்றான்.

மறுநாள் உன் ஹரிகிருஷ்ணன் சித்தப்பா வந்து பார்த்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவராயிற்றே, அவரிடமே கேட்டேன், மரம் நம்முடையது, இடம் நம்முடையது, அப்படியென்றால் நஷ்டமும் நம்முடையதுதானா என்று. நல்ல மரம் புயலில் விழுந்தால் வீட்டுக்காரர் பொறுப்பில்லை, உளுத்த மரம் என்று தெரிந்தும் விட்டுவைத்திருந்தால்தான் நம் மேல் வரும் என்றார். வெட்ட வந்த ஆட்களும் தண்டுக்குள்ளே பூச்சி அரிப்பே இல்லை, வைரமாக இருக்கிறது என்று காட்டினார்கள். அவன் எடுத்திருக்கும் இன்சூரன்ஸ்தான் அவனுக்குத் தர வேண்டும், நீங்கள் வாயைத் திறந்து எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள் அண்ணி என்று சித்தப்பா சொன்னதைத்தான் நீயும் போனில் சொன்னாய். தப்பில்லை, என் மேல் உள்ள அக்கறையில் சொன்னீர்கள். ஆனால் அங்கேதான் சிக்கல் வந்தது. காரை வாங்கியபோது ஆர்.சி.யைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்ட சரத்குமார் இன்சூரன்ஸை மாற்றவில்லை. புயல், வெள்ளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து எடுத்த பாலிசி, கெடுவும் முடியவில்லை, ஆனால் அது விற்றவர் பேரிலேயே இருந்துவிட்டது. விற்றவருக்கு இப்போது கார் இல்லை, கார் இருப்பவனுக்குப் பாலிசி இல்லை, அதனால் யாருக்கும் எதுவும் கிடையாது என்று கம்பெனியில் கைவிரித்துவிட்டார்கள். மெக்கானிக்கும் இனிப் பழைய இரும்புக்குத்தான் ஆகும் என்றுவிட்டான்.

எனக்கு மனது கேட்குமா சொல். உள்ளே விடு என்று சொன்ன வாய் இதுதானே. கொஞ்ச நாளைக்கு வாடகை வேண்டாம் என்றேன், அவன் வழக்கம்போலக் கொண்டுவந்து டிவி பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். வீராயி படும் பாட்டைப் பார்க்கத்தான் முடியவில்லை. புயலுக்கு முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே பாத்ரூம் வரை போக ஆரம்பித்திருந்தார். ஆட்டோவில் குனிந்து ஏற அவருக்கு வரவில்லை, ஒரு தடவை ஏற்றப்போய்ச் சரிந்துவிட்டார், அதிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவதே நின்றுவிட்டது. போன செவ்வாய்க்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு, குழறிக் குழறி, “கத்துக்கின நடை மறந்துடுமாம்மா?” என்று கேட்டார்.

அன்றைக்கே பின்பக்க ஷெட்டைத் திறந்தேன். அப்பா போனதிலிருந்து யாரும் தொடாத கார், உறையை எடுத்தால் உள்ளே அவர் மூக்குக் கண்ணாடி உறைகூட அப்படியே கிடக்கிறது. சாவியைக் கொண்டுபோய்ச் சரத்குமாரிடம் நீட்டினேன். அவன் கை நீட்டவில்லை. “ஐயா பேர்ல இருக்கிற வண்டிம்மா. இன்சூரன்சும் அவர் பேர்லதான். வழியில எதனா ஆச்சுன்னா உங்க தலையில விடியும். நான் பட்டதே போதும்” என்றான். சித்தப்பாவைக் கேட்டேன், அவன் சொல்வதுதான் சரி, முதலில் உங்கள் பேருக்கு மாற்றிப் புதுப் பாலிசி எடுத்துவிடுங்கள், பிறகு லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் கவலையில்லை என்றார். அதற்கு வாரிசான நீ ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன், அங்கே நம் தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்பு.

போன வருஷம் சித்தப்பா இதைக் கேட்டபோது, இப்போது வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம் என்று நீ தள்ளிப்போட்டது ஏன் என்று எனக்குத் தெரியும். ஆர்.சி.யில் இருக்கும் சக்கரபாணி என்ற பேரை எடுக்க எனக்கு மட்டும் மனது வந்ததா என்ன. மின்சாரக் கட்டணம், கேஸ் புத்தகம் என்று ஒவ்வொன்றிலும் அவர் பேரை அடித்தபோது வீட்டுக்கு வந்து தனியாக அழுதிருக்கிறேன். ஆனால் அவர் இருந்திருந்தால், அந்தம்மா பயிற்சிக்குப் போகாமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு காரை மூடி வைத்திருப்பாரா, நீயே சொல். முன்சீட்டைப் பின்னால் தள்ளினால் வீராயிக்குக் காலை நீட்ட இடம் இருக்கிறது, உட்கார்ந்து பார்த்துவிட்டேன். நானும் கூடப் போய் என் முட்டியைக் காட்டிக்கொண்டு வருவேன். நீ கையெழுத்துப் போடாவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன். அது பொய், வருத்தப்படுவேன்.

ஹேமலதாவை வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். குழந்தைக்கு என் முத்தங்கள். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ மணக்குள விநாயகரை வேண்டிக்கொள்கிறேன். கையெழுத்தை மறந்துவிடாதே, வீராயி காத்திருக்கிறார்.

இப்படிக்கு
உன் அம்மா
தாமரைச்செல்வி