ஐந்தாம் தீர்மானம்

10-6-1979, ஞாயிறு. காலை 4.55

எழுந்தது 4.30. பரணிலிருந்து பழைய நாட்குறிப்புகளை இறக்கித் தூசு தட்டினேன். அடுத்த மாதம் அத்தி வரதர் திருக்குளத்திலிருந்து வெளியே எழுந்தருளுகிறார். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை. சென்ற முறை எனக்கு வயது இருபத்தேழு. தாலுகா அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். மணமாகிப் பதினொரு மாதம்.

அவ்வாண்டின் ஏட்டில், கடைசிப் பக்கத்தில், 26-7-1939 எனத் தேதியிட்டு, "அடுத்த முறை பெருமாள் வெளியே வரும்போது நான் எப்படிப்பட்ட மனிதனாக இருக்க வேண்டும்" என்று ஐந்து தீர்மானங்கள். அதிகாலையில் எழுதல். குளிர்ந்த நீரில் குளித்தல். அலுவலகத்துக்கு ஒரு நிமிடமும் தாமதியாமை. நாள் தவறாமல் குறிப்பெழுதுதல். நான்கும் நிறைவேறின. ஓய்வு பெற்ற அன்றுகூட 9.50க்கு இருக்கையில் இருந்தேன்.

ஐந்தாவது: "கமலாட்சி பேசும்போது குறுக்கே பேசாமை."

இதை எழுதியதே நினைவில்லை.

11-6-1979, திங்கள். காலை 5.05

நேற்று மனைவியிடம் ஐந்தாவதைப் படித்துக் காட்டினேன். "அப்பவே எழுதினீங்களா? நான் இன்னா நெனச்சேன்னா—" என்று தொடங்கினாள். "மையைப் பார், சற்றும் மங்கவில்லை" என்றேன். சிரித்துக்கொண்டே அடுக்களைக்குள் போய்விட்டாள். படுக்கும்போதுதான் உறைத்தது.

இன்று முதல், குறுக்கிடும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு.

12-6-1979. கோடுகள் பதினான்கு.

15-6-1979. பதினொன்று. அவற்றுள் ஒன்று நியாயமானது, பால் பொங்கிவிட்டது.

20-6-1979, புதன். இரவு 8.10

ஆறு. மகள் தேவகி வந்திருந்தாள். "இன்னாமா, அப்பா பேசாம உக்காந்துக்கினு இருக்காரு? ஒடம்பு சரியில்லையா?" என்று தாயிடம் கேட்டாள். மறுமொழி சொல்லாமல் இருந்தது பெரும் சிரமம்.

3-7-1979, செவ்வாய். மாலை 6.20

வரதர் எழுந்தருளிவிட்டார். 26ஆம் தேதி காலை 8.10க்குப் புறப்படுவது எனத் திட்டமிட்டேன். தேதி பிசகாமல் நாற்பது ஆண்டுகள். கமலாட்சி, "நான் வரலீங்க. நீங்க போய்ட்டு வாங்க. முட்டி வலி—" என்றாள். "அதற்கு ரிக்‌ஷா இருக்கிறது" என்றேன். கோடு ஒன்று. ஏன் வரவில்லை என்பது இன்னும் தெரியவில்லை.

8-7-1979, ஞாயிறு. இரவு 7.45

அடுத்த வீட்டு ராஜவேலு, தறியை நிறுத்திவிட்டு, அந்தக் காலத்துத் தரிசனத்தைப் பற்றிக் கேட்க வந்தார். சொல்லச் சொல்ல எல்லாம் கண்முன் வந்தது. குதிரை வண்டி. கமலாட்சியின் திருமணப் புடவை. பச்சையில் அரக்குக் கரை. வண்டி குலுங்கும் போதெல்லாம் என் தோளைப் பற்றிக்கொண்டு, உடனே வெட்கப்பட்டுக் கையை எடுத்துக்கொள்வாள். கோயிலில் பெண்களுக்குத் தனி வரிசை. நீர் படிந்து கறுத்த அந்தத் திருமேனியை, தீபம் உயர்ந்தபோது துலங்கிய திருமுகத்தை விவரித்தேன்.

"நீங்க சொல்லுங்கம்மா, எப்படி இருந்தாரு?" என்றார் ராஜவேலு.

"இவரு சொன்ன மாதிரியேதாம்பா" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

15-7-1979, ஞாயிறு. இரவு 9.00

கோடு இல்லை. முதல் நாள்.

மாலையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள், அருகில் அமர்ந்தேன். பால்காரரைப் பற்றிச் சொன்னாள். எதிர்வீட்டு எல்லம்மாளின் பேத்திக்குக் காது குத்தியதைச் சொன்னாள். நாக்கு நுனிவரை வந்தவற்றையெல்லாம் விழுங்கினேன். முறம் பாதி நிறைந்தது. பிறகு, மொச்சையைப் பார்த்தபடியே,

"அன்னைக்கு நான் பாக்கலீங்க" என்றாள்.

"எனக்கு முன்னாடி பதினேழு பேரு. எண்ணிக்கினே நின்னேன். நீங்க பாத்துட்டு வந்து, ஆபீஸுக்கு நேரமாச்சு வா வான்னு கையப் புடிச்சி இழுத்துக்கினு வந்துட்டீங்க. வண்டியில சொல்ல வந்தேன். ஆபீஸரு கதைய ஆரம்பிச்சிட்டீங்க. அப்பறம் ஊருக்கெல்லாம் நீங்க சொல்றத கேட்டுக் கேட்டு, எனக்கும் பாத்த மாதிரியே ஆயிடுச்சி. இப்பவும் பாதியில இழுத்துக்கினு வந்துட்டீங்கன்னா... வேணாங்க. இனிமே நாப்பது வருசம் எனக்கு ஏது?"

அந்தத் தேதியின் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். "தரிசனம் நன்று. அனுமதி 12 மணி வரை; 11.56க்கு அலுவலகம் சேர்ந்தேன்." அடிக்கோடு வேறு!

பதினேழு பேர். எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? பத்து நிமிஷம்? பாத்தியான்னு ஒரு வார்த்தை கேட்டேனா? அவ எதிரிலேயே நாப்பது வருஷமா கதை சொல்லிக்கிட்டு இருந்திருக்கேனே—

16-7-1979, திங்கள். காலை 5.00

முதல் நான்கும் பதிவறை எழுத்தனுக்கு வேண்டியவை. எனக்கு வேண்டியிருந்தது ஐந்தாவது ஒன்றுதான் போலும். 26ஆம் தேதித் திட்டத்தை அடித்துவிட்டேன். என்றைக்குப் போகலாம் என்று அவளையே கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை, நான்.

24-7-1979, செவ்வாய்

தோசை வார்த்துக்கொண்டிருந்தவள், "இன்னைக்குப் போலாமா?" என்றாள். ரிக்‌ஷாவில் போனோம். பெண்கள் வரிசை மெல்ல நகர்ந்தது. நான் ஆண்கள் வரிசைக்குப் போகவில்லை; கயிற்றுக்கு இப்புறம் அவளோடேயே நடந்தேன். முட்டி வலித்தபோதெல்லாம் கயிற்றின் மேலாக என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஓரிடத்தில் முன்னால் எட்டிப் பார்த்து, "ஏங்க, பதினேழு" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம். அதற்கப்பால் காவலர் என்னை விடவில்லை.

வெளியே வந்தாள். ரிக்‌ஷா ஏறியதும் தொடங்கினாள். முகம் எப்படி, மாலை எப்படி, "நீங்க சொன்ன மாதிரி இல்லவே இல்லீங்க" என்று பிள்ளையார்பாளையம் வரும்வரை ஓயவில்லை.

இம்முறை நான் பார்க்கவில்லை. அவள் சொல்லக் கேட்டேன்.

வீடு திரும்பிய நேரம் குறிக்கவில்லை.