பிசிறு எடுத்த செப்புத் தொப்பிகள்

8 ஒக்ரோபர் 2013, செவ்வாய்

பாரிஸ் லா சப்பலில் மழை. கடையில் ஆளில்லை. பத்து மணிக்குப் பேனாட் பாணும் கையுமாகப் பட்டறைக்குள் வந்தார். நான் வேலை செய்யும் இந்த நகைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். றெயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு நற்சாட்சிக் கடிதம் எழுதித் தந்தவரும் அவர்தான்.

சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டிச் செப்புக் கிண்ணத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். துப்பாக்கி சுடும் கழகத்தில் அங்கத்தவர். லைசன்ஸ் உள்ள ரிவோல்வர். அதற்கான சன்னங்களை, குண்டுகளைத்தான், ஈயம் உருக்கி வீட்டிலேயே வார்க்கிறாராம். வெறும் ஈயத்தைச் சுட்டால் பின்னால் வரும் கொதிவாயு அதன் அடியை உருக்கிவிடும். ஈயம் குழலில் ஒட்டும், குறியும் தப்பும். அதனால் அடியில் இந்தத் தொப்பியை மாட்டுவார்கள். காஸ் செக் என்று பெயர். அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய பெட்டி வரவில்லை, அடுத்த மாதம் போட்டி. நூறு செய்து தருவாயா குலா என்று கேட்டார்.

சிமிக்கிக்குக் குடை அடிக்கிற கைக்கு இதுவும் ஒரு வேலையா? ஓம் என்றுவிட்டேன். சட்டச் சிக்கல் ஏதும் வருமா என்று கேட்டதற்கு, செப்புத் துண்டுக்கு யார் லைசன்ஸ் கேட்கப் போகிறார்கள் என்று சிரித்தார்.

9 ஒக்ரோபர்

மனைவி மிருணாளினியிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"எங்களுக்கும் துவக்குக்கும் இனி என்ன கதை?" என்றாள். அவளுடைய தம்பி உதயன் ஊரில் துவக்குத் தூக்கிக் கடைசிச் சண்டையில் போய் நாலு வருடம். போய் என்றுதான் எழுத முடிகிறது, உடலைப் பார்த்தவர்கள் யாருமில்லை. தகடுதானே வெட்டுகிறேன் என்றேன். சாப்பாட்டுக் கோப்பையை டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள். பதில் கிடைத்துவிட்டது.

23 ஒக்ரோபர்

நூறும் முடிந்தது. அச்சு வெட்டவே நாலு நாள். தகட்டைச் சூடு காட்டி இளக்கி, வட்டம் வெட்டி, குழியில் வைத்து அடித்தால் கிண்ணம் தயார். அமெரிக்க மாதிரியின் விளிம்பில் பிசிறு நிற்கிறது, என்ன வேலைக்காரர்களோ! என்னுடையதை உள்ளும் புறமும் அரம் போட்டு, மெருகேற்றிக் கொடுத்தேன். விரலை விட்டுச் சுற்றினால் பட்டுப் போல. பேனாட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதைச் சுடவே மனம் வராது என்றார். எனக்குத் தலை கனத்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

2 நவம்பர், சனி

பிரெபெக்சர் அலுவலகத்திலிருந்து பிரஜாவுரிமைக் கடிதம். நேர்முகம் 14ஆம் திகதி வியாழன், காலை ஒன்பது மணி. ஆறு வருடமாகக் காத்திருந்த கடிதம். மிருணாளினி இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள்.

பேனாட்டைப் படியில் கண்டேன். தொப்பிகள் சன்னத்தில் வழுக்கிக்கொண்டு ஏறுகின்றனவாம், வாங்கினவற்றைக் குத்திக் குத்தி ஏற்ற வேண்டுமாம். நல்ல வேலை, குலா! போட்டி பத்தாம் திகதி ஞாயிறு. மொபைலை அன்றைக்கு அணைத்து வைத்திருப்பேன் என்று கழகத்தின் விலாச அட்டையைத் தந்து, முடிந்தால் பார்க்க வா என்றார். நானாவது, அங்கே போவதாவது.

10 நவம்பர், ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில், பொண்டிப் புறநகரில் எங்கள் வீட்டில், தோய்க்கப் போட்ட என் சட்டைப்பையில் இரண்டு தொப்பிகள் கிடந்தன. ஒன்று அமெரிக்க மாதிரி, ஒன்று என்னுடையது. சும்மா விளிம்பில் நகத்தை ஓட்டினேன். மாதிரி நகத்தைப் பிடித்தது. என்னுடையது பிடிக்கவில்லை.

வழுக்கிக்கொண்டு ஏறுகிறது என்று அவர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. மிருணாளினி வெட்டி வைத்திருந்த கரட் துண்டு ஒன்றைச் சீவி இரண்டையும் மாட்டி உதறினேன். மாதிரி நின்றது. என்னுடையது கழன்று தொட்டிக்குள் விழுந்தது.

அந்தப் பிசிறுதான் ஈயத்தைக் கடித்துப் பிடித்திருக்கிறது! நான் அதை அழுக்கென்று நினைத்து எடுத்துவிட்டேன். நகை ஆளின் காதைக் கீறக் கூடாதென்று முப்பது வருடம் பழகின கை, இங்கேயும் அதையே செய்திருக்கிறது. குழலுக்குள் தொப்பி கழன்று நின்றால்? அடுத்த சன்னம் எங்கே போகும்?

பேனாட்டின் மொபைல் அணைந்திருந்தது. கழகத்துக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் வெடிச்சத்தம் கேட்டது. பேனாட்டைச் சுட விடாதேங்கோ, சன்னத்தில் பிழை என்று பிரெஞ்சில் ஏதோ குளறினேன். அவள் நிதானமாகக் கேட்டாள்: பேசுவது யார்?

மிருணாளினி என் கையைப் பிடித்தாள். "வையுங்கோ போனை. வியாழக்கிழமை உங்கட பேரை அடிச்சுப் பாப்பாங்கள். துவக்கு, சன்னம் எண்டு ஒரு தமிழன்ர பேர் வந்தா விடுவாங்களே? என்ர தம்பியின்ர பேரையே பயத்தில நான் ஒரு படிவத்திலயும் எழுதேல்லை!"

வைத்துவிட்டேன்.

ஓம், வைத்தேன். எழுதவே கூசுகிறது. சுவர் மணிக்கூடு பத்து பதினெட்டு. குசினிக் கதிரையில் குந்தியிருந்தேன். அவர் சுட்டு முடித்திருப்பார், ஒன்றும் ஆகியிராது, வேறு யாராவது கவனிப்பார்கள் - இப்படியே என்னென்னவோ சொல்லிக்கொண்டேன். பத்து இருபத்துநாலு. என்ன மனிசனடா நீ?

திரும்ப அடித்தேன். அதே பெண். அநாமதேய அழைப்புக்குப் போட்டியை நிறுத்த முடியாது மெசியே, பெயர்? குலசேகரம். எப்படி எழுதுவது? பதினொரு எழுத்து. கா, ஊ, எல் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பின்னால் வெடி கேட்கிறது. எஸ்ஸா எஃப்பா என்கிறாள். எஸ்! எஸ்! ஒரு வெடி. "அம்மா, கும்பிடுறன், கெதியாப் போங்கோ!" என்று தமிழில் கத்திவிட்டேன். கடைசி 'எம்' எழுத்தையும் எழுதிவிட்டுத்தான் போனாள். பிறகு விசில் சத்தம், வெடி நின்றது.

மிருணாளினி அடுப்பை அணைத்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

11 நவம்பர்

விடுமுறை. பேனாட் றெயிலேறி வீட்டுக்கே வந்தார். முழு ஆளாக, இரண்டு கண்ணோடும் பத்து விரலோடும்! நாலு வெடி தீர்ந்ததாம். நாலாவதின் சத்தம் ஒரு மாதிரி இருந்ததாம், ஈயக் கலவையில் பிழையென்று நினைத்தாராம். ஐந்தாவதுக்கு விசையில் விரல் வைத்தபோது விசில். குழலைப் பார்த்தால் நடுவில் என்னுடைய தொப்பி. ஐந்தாவது போயிருந்தால் குழல் வெடித்திருக்கும் என்று கழகத் தலைவர் சொன்னாராம்.

"கண்ட உடனே அடித்தாயே" என்று என் தோளைப் பிடித்தார். நான் அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டேன். மிருணாளினி தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிப் போனாள்.

கழகத்தின் சம்பவப் புத்தகத்தில் என் பெயர் இருக்கிறதாம். எழுத்துப் பிழை இல்லாமல்.

13 நவம்பர்

நித்திரை இல்லை.

14 நவம்பர், வியாழன்

கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. குடியரசு, கொடி, ஆறுகள் - எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு பேனாட்டின் கடிதத்தை எடுத்து ஒரு வரியைச் சத்தமாக வாசித்தார்: ஆபத்தில் நம்பக்கூடிய மனிதர்.

வெளியே இருந்த மிருணாளினியை நினைத்தேன், வாயை மூடு என்று எனக்கே சொன்னேன். ஆனாலும் சொல்லிவிட்டேன். தொப்பி, பிசிறு, ரெலிபோன், எல்லாம். போனை வைத்துவிட்டு இருந்த ஆறு நிமிடத்தை மட்டும் சொல்லவில்லை. யாருக்காவது காயமா என்று கேட்டார். இல்லை என்றேன். நெடுநேரம் தட்டச்சு செய்தார். என்னத்தை அடித்தாரென்று தெரியாது.

வெளியே வந்து சொன்னேன். மிருணாளினி பஸ் முழுக்க ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

11 மார்ச் 2014, செவ்வாய்

கடிதம் வந்தது. இரண்டு வருடம் ஒத்திவைப்பு. காரணம் ஒரே ஒரு வரி: முழுநேர வேலை ஒப்பந்தம் இல்லை. துவக்கு, சன்னம், கழகம் என்று ஒரு சொல்லும் இல்லை. பேசாமல் இருந்திருந்தாலும் இதே கடிதம்தான் வந்திருக்கும். பேனாட்டுக்குத்தான் கண் இருந்திராது.

இதற்காகவா அந்த ஆறு நிமிடம்? கடையில் நின்றபடியே அழுகை வந்தது.

மிருணாளினியைப் போனில் கூப்பிட்டு வாசித்தேன். பின்னேரம் கடைக்கே வந்துவிட்டாள். பேனாட்டிடம் சொல்லப் போகிறேன் என்றேன்.

"நானும் வாறன். வையுங்கோ எண்டு சொன்னது நான்தானே."

மூன்று மாடியும் ஏறினோம். கதவைத் திறந்த பேனாட் சிரித்தார். உள்ளே போகாமல் வாசலிலேயே வைத்துச் சொன்னேன், பத்து பதினெட்டிலிருந்து பத்து இருபத்துநாலு வரை. மிருணாளினி தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "நான் சொன்னேன், நான் சொன்னேன்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், மேசைக்கருகே இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டார்.

இருந்தோம். மூன்றாவதை இழுத்து அவரும் எதிரே இருந்தார்.