வாஷருக்குப் பல் தேய்த்த வாரம்

ஜூன் 11, ஞாயிறு

தூறல். ஜூஜுவாடியில் ஜூன் என்றால் இவ்வளவுதான். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, துணி மட்டும் காயாது. யூனிஃபார்ம் இரண்டும் கொடியில் ஈரமாக.

இன்று:
மண்ணெண்ணெய்.
அம்மாவுக்குக் கடிதம் (போன வாரமே எழுதியிருக்க வேண்டும்).
செருப்பு வார் தைக்க.
வாஷர் வாய்.

கடைசியைத்தான் முதலில் எடுத்தேன். காரணம் செல்வி. ஒரே அறை, ஒரே மீட்டர் கம்பெனி. அவள் அசெம்பிளி, நான் இன்ஸ்பெக்‌ஷன். தர்மபுரிக்காரி. எழுந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அக்கா, சத்தியமா சொல்றேன், இந்த நாய் கொட்டாவி உட்டா எனக்கு அன்னிக்கு சோறு எறங்கறதில்ல. ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள்.

ரெண்டு பேரும் இருப்பிய, எந்திரிச்சுப் பாயைச் சுருட்டு என்றேன்.

ஆனால் நாற்றம் உண்மை. ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முன்பல் பரவாயில்லை. மேல்வரிசையில் பின்னால் இருக்கிற பெரிய பல்லில் வெள்ளையே தெரியவில்லை. பழுப்பாக, சொரசொரப்பாக, வெந்நீர்ப் பானைக்குள் உப்பு படிந்த மாதிரி. ஈறு ஓரம் சிவப்பு. என் வேலையே குறை கண்டுபிடிப்பது. மீட்டர் முள் ஒரு நூல் தப்பி நின்றாலும் சிவப்பு டேக் கட்டி ஒதுக்குகிறவள். மூன்று வருஷமாக என் காலடியில் படுக்கிறவன் வாயை ஒரு நாள் பார்க்கவில்லை. வெட்கம்.

(கேன்டீன் பின்னால் குட்டியாகக் கிடந்தவன். வால் வட்டமாகச் சுருண்டிருக்கும், அதனால் வாஷர். சாப்பாடு கேன்டீன் மிச்சம். சாம்பார் சோறு, பன், டீயில் ஊறின பிஸ்கட். கடிக்க வேண்டிய ஒன்றைக்கூட நான் கொடுத்ததில்லை.)

என் பழைய பிரஷ், என் பேஸ்ட். ஒரு விரல் நீளத்துக்குப் பிதுக்கினேன். புத்தி கெட்டவள். நாலு தேய்ப்பில் நுரை பொங்கி, ஈறு கீறி ரத்தமும் கலந்து, துள்ளிக்கொண்டு ஓடிவிட்டான். ஓடினது எங்கே? நேராக வீட்டுக்காரம்மாவின் முன்வீட்டு டி.வி.க்கு.

ஞாயிறு காலை புராணத் தொடர். ஒட்டி நிற்கிற எங்கள் லைனில் பத்து வீடும் அங்கேதான். ஒருவருக்கும் இந்தி தெரியாது, எல்லோரும் கைகூப்பி உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் வாஷர், மார்பு வரை சிவப்பு நுரையோடு. கத்தல். மூன்றாம் வீட்டு லேத்துக்காரர் கட்டில் மேல் ஏறி நின்றார். சாமி வந்த டி.வி.யை ஒருவரும் பார்க்கவில்லை.

வீட்டுக்காரம்மா முனிரத்தினம்மா வாசலில் நின்று வழி மறித்தாள். வீட்டுக்குள் கன்னடம், கடைவீதியில் தெலுங்கு, குடித்தனக்காரர்களுக்கென்று ஒரு தமிழ் வைத்திருக்கிறாள். "ஏனம்மா, இது உச்சு நாயியா?" என்று கேட்டாள்.

கையில் பிரஷ்ஷோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அவள் ரோஜாத் தொட்டியில் இவன் தினமும் காலைத் தூக்கி உச்சா போவதைச் சொல்கிறாள் என்று நினைத்து, "ஆமாங்க, எப்பவும் இப்படித்தான். எல்லா நாயும் அப்படித்தானே" என்றேன். சிரித்துக்கொண்டே வேறு.

நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஒரு ரோஜாச் செடிக்கு இவ்வளவா என்று தோன்றியது.

கடிதம் எழுதவில்லை. வார் தைக்கவில்லை.

ஜூன் 12, திங்கள்

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். 14 ரிஜெக்ட், எல்லாம் முள் கோணல்.

குழாயடியில் நான் குடத்தை வைத்ததும் மற்றவர்கள் குடத்தை எடுத்தார்கள். என்னவென்று புரியவில்லை. மூன்றாம் வீட்டுக் கதவு மூடியே இருக்கிறது.

வேலை விட்டு வந்ததும் முனிரத்தினம்மா. வழக்கமாகத் தோளைத் தொட்டுப் பேசுகிறவள் பத்தடி தள்ளி நின்றாள். "ஞாயித்துக்கெழம வரிக்கும் டைமு. அந்த நாயி இருக்கக்கூடாது. இருந்தா நீங்க ரெண்டு பேரும் காலி மாடி, வீட்ட காலி பண்ணுங்க. பஞ்சாயத்துல நாய் புடிக்கிறவன் நமக்குத் தெரிஞ்சவன்தான். கம்பியோட வரச் சொல்லியிருக்கேன்."

"இதுக்குப் போயாம்மா?"

"இதுக்குப் போயாவா. நீயேதான ஆமான்னு சொன்னே?"

உள்ளே வந்து சட்டியை டங்கென்று வைத்தேன். செடியில் கால் தூக்கினதற்குக் கம்பி போட்டு இழுத்துப்போவார்களாம். என்ன ஊரடா இது. போகச் சொன்னால் போகிறவள் நான் இல்லை.

வாஷர் இடது பக்கமாகவே மெல்லுகிறான். இதையும் இன்றுதான் கவனித்தேன்.

ஜூன் 13, செவ்வாய்

காற்று. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் மஞ்சுளா. அத்திப்பள்ளிக்காரி, வீட்டில் கன்னடம். நடந்ததை அப்படியே சொன்னேன். "உச்சு நாயி" என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தாள். நான் ஆமாங்க சொன்ன இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"கனி, அது ஹுச்சு. எங்க ஊர்ப்பக்கம் ஹ-வ முழுங்கிடுவாங்க. ஹுச்சுன்னா பைத்தியம். ஹுச்சு நாயின்னா வெறிநாய்."

"அப்ப நான் சொன்னது?"

"ஆமா, எப்பவும் வெறிதான், எல்லா நாயும் அப்படித்தான்னு சொல்லியிருக்கே."

நுரையைக் கொடுத்தது நான். சாட்சி சொன்னதும் நான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே ஊர் வாயைத் திறந்துவிட்டதே என் வாய்தான்.

செல்வியிடம் சொன்னதும் அவள் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். "நேத்து நக்குச்சுக்கா." பிறகு, "எதுக்கும் அதை எங்கனா தூரமா கொண்டுபோய் உட்டுரலாம்க்கா. சூளகிரி தாண்டி உட்டா திரும்பி வராது."

விட மாட்டேன். எழுதியே வைக்கிறேன், விட மாட்டேன். வந்த புதிதில் ஹைவேயிலிருந்து லைன் வரைக்கும் ஒருத்தன் தினமும் பின்னாலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவான். யாரிடம் சொன்னாலும் "நீ ஏன் அந்த வழியா வர்ற?" என்றார்கள். வேறு வழியே கிடையாது. கேள்வி கேட்காமல் கூட நடந்தது வாஷர் ஒருவன்தான். இவன் கூட நடக்க ஆரம்பித்த நாலாம் நாள் சைக்கிள் நின்றது. இவன் போனால் அந்த ரோட்டில் நான் தனி. பயமாக இருக்கிறது. பயத்தை விடக் கோபம் அதிகம்.

ஜூன் 14, புதன்

லீவ் ஃபார்ம். காரணம் என்ற இடத்தில் "நாய்க்குப் பல் நோய்" என்று எழுதினேன்.

சூப்பர்வைசர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஏம்மா, ஃபீவர்னு எழுதிக் குடு. கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுர்றேன்."

"எனக்குக் காய்ச்சல் இல்ல சார்."

"இதை மேல அனுப்புனா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார்."

அனுப்பினார். டீ இடைவேளைக்குள் ஃப்ளோர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பாக்கிங் பிரிவில் யாரோ குரைத்துக் காட்டினார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன்.

தகரப் பெட்டியில் தேடி, போன வருஷ வெறிநோய்த் தடுப்பூசிச் சீட்டு கிடைத்தது. நல்ல வேளை.

ஜூன் 15, வியாழன்

ஓசூர் மாட்டாஸ்பத்திரி. நாயோடு பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றவில்லை. பாதி தூரம் நடை. பிறகு ஒரு முட்டைக்கோஸ் டெம்போ நிறுத்தினது. மூட்டை மேல் இவனும் நானும், தலையில் தூறல்.

டாக்டர் இளவயது, தஞ்சாவூர்க்காரர். ஒரு சினைமாட்டை முடித்துவிட்டு வந்து சீட்டைப் பார்த்தார். பன் போட்டார், தின்றான். தண்ணீர் வைத்தார், குடித்தான். வாயைத் திறந்து விரலை விட்டார்.

"வெறியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நுரை உங்க பேஸ்ட். மனுஷப் பேஸ்ட்டை நாய்க்குப் போடாதீங்க, அதுக்குத் துப்பத் தெரியாது, முழுங்கிடும். நோய் இங்க இருக்கு பாருங்க. சாப்பாட்டு அழுக்கு பல்லுல ஒட்டுது. தினம் துடைச்சா போயிடும். விட்டா கல்லாயிடும். கல்லானது துணிக்கும் வராது, பிரஷ்ஷுக்கும் வராது, சுரண்டித்தான் எடுக்கணும். இன்னும் விட்டிருந்தா பல்லே ஆடியிருக்கும்."

"சுரண்டுங்க சார்."

"இங்க நாய்ப் பல்லுக்கு யாரும்மா வர்றா? மாட்டுப் பல்லு ராவுற அரம்தான் இருக்கு." சொல்லிவிட்டு மேசை டிராயரைக் குடைந்தார். படிக்கும்போது வாங்கின சின்னக் கொக்கி ஒன்று. கொதிநீரில் போட்டார். மயக்க ஊசி. நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். பழுப்புச் சில்லு சில்லாகக் கிண்ணத்தில் விழுந்தது. உள்ளே பல் இருந்தது, வெள்ளையாக. அழுதுவிட்டேன். டாக்டர் பார்க்காத மாதிரி இருந்தார்.

சொன்னவை:
1. நாளைக் கழித்துத் தேய்க்கலாம், நாளை வெறும் ஈரத்துணி, லேசாக.
2. விரலில் சுற்றின துணி போதும். பல்லும் ஈறும் சேர்கிற ஓரம், வெளிப்பக்கம்தான் முக்கியம்.
3. மேல் பின்பல், தவறவே கூடாது.
4. தினம். ஞாயிறு லீவு கிடையாது.
5. வேகவைத்த எலும்பு வேண்டாம், சிராய் சிராயாக உடையும்.
6. பன் நிறுத்தம்.

வெறி இல்லை என்று எழுதித் தரச் சொன்னேன். இங்கிலீஷில் தந்தார். முனிரத்தினம்மா கன்னடமே படிக்க மாட்டாள்.

ஒரு சில்லைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்து வந்தேன்.

ஜூன் 16, வெள்ளி

காலை ஆறு. குழாயடி. தண்ணீர் வருகிற நேரம், லைன் முழுக்க நிற்கிற நேரம். அதற்காகத்தான் அந்த நேரம். வீட்டுக்குள் துடைத்தால் பல் சுத்தமாகும், அவ்வளவுதான். இவர்களுக்கு ஒரு பதில் வேண்டுமே.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். பழைய பாவாடைத் துணி, விரலில் சுற்றி. வாஷர் தலையை என் முட்டியில் வைத்தான். உதட்டைத் தூக்கி விரலை உள்ளே விட்டதும் குழாயடியில் எல்லாத் தலையும் திரும்பின. ஒரு குடம் வழிந்து ஓடினது, எடுக்க ஆள் இல்லை.

லேத்துக்காரர் தூரத்திலிருந்து, "நாய் வாலை நிமித்த முடியுமாங்க?"

"வாலை யாரு நிமித்துதா? பல்லைல்லா துடைக்கேன்."

யாரோ களுக்கென்றார்கள். முனிரத்தினம்மா சிரிக்கவில்லை. உள்ளே போய் ஜன்னலில் நின்றாள். சேலைக் கரை தெரிந்தது.

துணியில் கொஞ்சம் ரத்தம். நேற்றுச் சுரண்டினதால். மறைக்காமல் எல்லோர் முன்னாலும் அலசினேன்.

ஜூன் 17, சனி

வெயில், அதிசயமாக. யூனிஃபார்ம் காய்ந்தது.

இரண்டாம் நாள். லேத்துக்காரர் மனைவி இரண்டடி தள்ளி வந்து நின்றாள். "வெரல கடிக்காதுங்களா?"

"கடிச்சிருந்தா இந்நேரம் ஒம்பது வெரலோடதான் உங்ககிட்ட பேசிக்கிட்டு இருப்பேன்."

அம்மா கடிதம். வரன் ஒன்று வந்திருக்கிறதாம், ஊரில், கோவில்பட்டியிலேயே மில் வேலை. "அந்த நாயை யாரிடமாவது கொடுத்துவிட்டு வா. நாய் வளர்க்கிற பெண் என்று சொன்னால் யோசிக்கிறார்கள்." பதில் எழுதினேன்: யோசிக்கட்டும் அம்மா. நலம். வாஷர் பல் நலம்.

மஞ்சுளாவிடம் கன்னடப் பாடம். ஹுச்சல்ல, ஹல்லு. வெறியில்லை, பல். பஸ்ஸில் இருபது தடவை சொல்லிப் பார்த்தேன். ஹ சரியாக வரவில்லை. வராவிட்டால் என்ன, முனிரத்தினம்மாவும்தான் முழுங்குகிறாள்.

செல்வி வாஷர் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தாள். "பரவால்லக்கா" என்று ஒரு வார்த்தை.

நாளை ஞாயிறு. பெட்டி கட்டவில்லை. கட்டப் போவதும் இல்லை.

ஜூன் 18, ஞாயிறு

தூறல். டி.வி. முடிகிற நேரம் பார்த்துத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். எல்லோரும் வெளியே வரும்போது என் விரல் அவன் வாய்க்குள் இருக்க வேண்டும். இருந்தது.

கம்பிக்காரர் வந்துவிட்டார். வயசானவர், நீளக் கழி, நுனியில் சுருக்கு. வாஷர் அந்தக் கம்பியை மோந்தான். துணி நழுவியது. மறுபடி சுற்றிக்கொண்டு மேல் பின்பல்லுக்குப் போனேன்.

முனிரத்தினம்மா படியில் நின்றாள். பத்து வீடும் அவள் பின்னால்.

மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். "உச்சல்ல, அல்லு." அவள் கண் அகன்றது. தீப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். "இதுதாம்மா நோய். பல்லுல இருந்த கல்லு. நுரை என் பேஸ்ட்டு. அன்னைக்கு நீங்க கேட்டது எனக்கு வேற மாதிரி காதுல விழுந்துச்சு. உங்க செடியில ஒண்ணுக்குப் போறதத்தான் கேக்கியன்னு நெனச்சு ஆமான்னுட்டேன்."

செல்விதான் முதலில் சிரித்தாள். பிறகு லேத்துக்காரர் மனைவி. முனிரத்தினம்மா சில்லை விரலால் நகர்த்திப் பார்த்தாள்.

கம்பிக்காரர் கழியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குந்தினார். வாஷர் உதட்டை அவரே தூக்கினார். இரண்டு பக்கமும் பார்த்தார். "வெறி புடிச்சதுங்கள எத்தினியோ பாத்துட்டேன். ஒண்ணுகூட இப்பிடி மடியில தல வெச்சுக் கெடக்காதும்மா. இத்தப் புடிக்கவா ஞாயித்துக்கெழம வரச் சொன்னே? எம் பல்ல உட சுத்தமாக் கீது." கழியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

லைன் முழுக்க வீட்டுக்காரம்மா முகத்தைப் பார்த்தது. நானும் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை, துணியை எடுக்கவும் இல்லை. இன்னும் இடது பக்கம் பாக்கி.

தீப்பெட்டியை மூடி என் மடியில் போட்டாள். தன் ரோஜாத் தொட்டியை இவன் கால் எட்டாமல் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். படியேறும்போது திரும்பி, "நாயிகல்லம்மா, உச்சு நிங்கே" என்றாள். நாய்க்கு இல்லையாம், பைத்தியம் எனக்குத்தானாம்.

"ஆமாங்க" என்றேன். இந்தத் தடவை அர்த்தம் தெரிந்து.