ஆலத்திக்கு இன்னொரு ஆள்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து தூறல். குடையும் வேண்டாம், துணியும் காயாது. ஓசூர் மழை.

நாளை பெங்களூரில் ஐரோப்பா விசா அப்பாயின்ட்மென்ட். பைலில் வைத்தவை: இலங்கைப் பாஸ்போர்ட், இந்தியாவில் நான் தங்குவதற்கான பெர்மிட், கம்பெனி லீவு லெட்டர், கல்யாணச் சான்று, அங்கே இருக்கும் அக்கா அனுப்பிய அழைப்புக் கடிதம், அவள் மகள் அபியின் கல்யாணப் பத்திரிகை (ஆகஸ்ட் 31, ஞாயிறு), போட்டோ. போட்டோவில் காது தெரிய வேண்டுமாம். மூன்று முறை எடுத்தேன். மூன்றிலும் திருடி மாதிரிதான்.

அக்காவைப் பார்த்து இருபத்துநாலு வருடம். போனில் தினம் பார்க்கிறேன், அது கணக்கில்லை. போனில் அவள் உயரம் தெரியாது.

ஜூலை 4, வெள்ளி

திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் பெர்மிட்டைப் பார்த்ததுமே மூடிவிட்டாள். "மேடம், அட்ரஸ் தமிழ்நாடு இருக்கு. நீங்க சென்னையில்தான் கொடுக்கணும். இங்கே கர்நாடகா மட்டும்."

எங்கள் தப்புதான். பல் வலியா பெங்களூர், மூக்குக்கண்ணாடியா பெங்களூர், பட்டுப்புடவையா பெங்களூர். விசாவுக்கு வேறு ஊர் இருக்கும் என்று ஓசூர்க்காரர் யாருக்குத் தோன்றும்? வெளியே செக்யூரிட்டிக்காரர் கூடக் கன்னடத்தில், ஓசூர் நம்ம ஊர்தானே என்று அனுதாபப்பட்டார்.

எல்லையிலிருக்கும் அத்திப்பள்ளி வரும்வரை என் வீட்டுக்காரர் வாய் ஓயவில்லை. "ஒரு செக்போஸ்ட்டு தாண்டுனா வேற நாடாட்டம் பேசறாங்களே. பொழுதோட வந்து பொழுதோட போற ஊரு இது."

வேறு நாடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 6, ஞாயிறு

அக்கா போன். அவள் சமையலறையில், நான் என் சமையலறையில். இரண்டு குக்கரும் மாறி மாறி.

"சென்னையில குடுத்தாலும் வரும்தானே?"

"வரும் அக்கா."

"வரவேணும். ஆலத்தி எடுக்க ரெண்டு பேர் வேணும். ஒருத்தி அத்தான்ர தங்கச்சி. எங்கட பக்கத்தில உன்னை விட்டா ஆர் இருக்கினம்? வேற ஒருத்தரையும் நான் கேக்கேல்ல."

இங்கே ஆரத்தியை யார் வேண்டுமானாலும் சுற்றுவார்கள். எங்கள் ஊரில் இரண்டு பெண்கள் எதிரும் புதிருமாக நின்று, ஒரே தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து எடுக்க வேண்டும். ஒருத்தியால் முடியாது.

சீலை எடுத்துவிட்டாளாம், சட்டை அளவு அனுப்பச் சொன்னாள். என்ன நிறம் என்றேன். "நீ கேட்டதுதானடி. வந்து பார்." நான் எப்போது கேட்டேன்? யோசித்து யோசித்துப் பருப்பு அடிப்பிடித்தது.

அவள் இங்கே வரட்டுமே என்று இவர் கேட்கிறார். இரண்டு முறை டிக்கெட் போட்டாள். ஒரு தரம் கொரோனா, ஒரு தரம் முதுகு ஆபரேஷன். இனி அவ்வளவு நேரம் அவளால் உட்கார முடியாது. நான் போனால்தான் உண்டு.

ஜூலை 11, வெள்ளி

புதுத் தலைவலி. சென்னைப் பட்டியலில் ஒரு வரி: பயணம் முடிந்து மூன்று மாதத்துக்காவது பெர்மிட் செல்ல வேண்டும். நான் திரும்புவது செப். 10. பெர்மிட் நவம்பர் 12 வரை. ஒரு மாதம் குறைகிறது.

பெர்மிட்டை முன்னதாகவே நீட்டிக்க அரை நாள் லீவு போட்டுக் கிருஷ்ணகிரி (கி.கிரி) போலீஸ் ஆபீஸ். குந்தாரப்பள்ளியில் சந்தை, ரோடு முழுக்க மாடும் டெம்போவும். பஸ் நகரவே இல்லை. போய்ச் சேரும்போது சாப்பாட்டு நேரம். காத்திருந்தேன்.

அங்கே இருக்கும் ஏட்டு நல்லவர். வருடா வருடம் பார்த்த முகம். "இன்னும் நாலு மாசம் கெடக்குதே, எதுக்கும்மா அவசரம்? ரெண்டு மாசத்துக்கு முந்திதான் சைட்டே தொறக்கும்." அதாவது செப். 12. அபி கல்யாணம் முடிந்து, நான் போய்த் திரும்பிய பிறகு.

இத்தனை வருடமாக ஒரு நாள் பிந்திவிடுமோ என்று பயந்துதான் இங்கே ஓடி வந்திருக்கிறேன். முதல்முறையாக முந்தி வந்தேன். அதுவும் குற்றம்.

கடைசியில் அதிகாரியிடம் பேசி ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தார். மனுதாரர் இருபத்திரண்டு வருடமாக இங்கே வசிக்கிறார், உரிய காலத்தில் விண்ணப்பித்தால் பெர்மிட் நீட்டிக்கப்படும் என்று. சீல் கொஞ்சம் கோணல். காய்கிறவரை ஊதினேன்.

ஜூலை 18, வெள்ளி. சென்னை

வேர்வை. நேற்றே வந்து இவருடைய சித்தப்பா வீட்டில் தங்கல்.

பத்து விரலும் வைத்தேன். கம்பெனியில் பதினாறு வருடம் அளவு பார்க்கும் கேஜ் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்திருக்கிறது. வலது கட்டைவிரல் ஐந்தாவது தடவைதான் விழுந்தது.

காகிதம் வாங்கியவர் கேட்டது:

"நீங்கள் இலங்கை. இருப்பது இந்தியா. அங்கே போனால் எங்கே திரும்புவீர்கள்?"

"ஓசூருக்கு."

"அங்கே என்ன இருக்கிறது?"

வீடு, இவர், பிளஸ் டூ படிக்கிற மகள், வேலை. எல்லாம் பைலில் இருக்கிறது என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கவுன்ட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். குரலை உயர்த்தியிருக்கக் கூடாதோ.

ஜூலை 30, புதன்

சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம். கம்பெனி வேன் முக்கால் மணி நேரம் லேட். கர்நாடகப் பக்கம் விரட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேஜை நசீமா: "அதுங்களுக்கும் உங்க கதைதாங்க்கா. இந்தப் பக்கம் போன்னு இவங்க, அந்தப் பக்கம் போன்னு அவங்க." சிரித்தேன்.

தன் அம்மா உம்ரா யாத்திரைக்குக் கொண்டுபோன பெட்டியை நசீமா கொடுத்திருக்கிறாள். பெரியது. கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. விசா வராமல் ஒன்றும் வைக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. வைத்தவை: அபிக்குக் கொலுசு, அத்தானுக்கு வேட்டி, அக்காவுக்கு முதுகுக்குத் தடவும் எண்ணெய், மாம்பழக் கூழ் டின் நாலு.

ஆகஸ்ட் 9, சனி

செய்தி இல்லை. குறுஞ்செய்தி வரும் ஒவ்வொரு முறையும் போனை எடுத்துப் பார்க்கிறேன். இன்று வந்தவை: கேஸ், மகள் பள்ளி, யாரோ கடன் தருகிறார்களாம்.

எனக்கு அக்கா வேண்டும். ஐரோப்பா வேண்டாம், கோபுரம் வேண்டாம், பனி வேண்டாம். அவள் தோளில் முகத்தை வைத்து ஐந்து நிமிடம். அப்புறம் ஏர்போர்ட்டிலிருந்தே திருப்பி அனுப்பினாலும் சரி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கூரியர். பாஸ்போர்ட் புரட்டினேன். இல்லை. பின்னாலிருந்தும் புரட்டினேன்.

தாளில் கட்டம் போட்டு டிக் அடித்திருக்கிறார்கள். வசிக்கும் நாட்டுக்குத் திரும்புவார் என்பதில் நியாயமான சந்தேகம்.

வருடா வருடம் கி.கிரியில் இன்னும் எத்தனை காலம் இங்கே இருப்பீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். விசாக்காரர்களோ நான் இங்கே திரும்பி வரவே மாட்டேன் என்கிறார்கள். இரண்டு பேரையும் ஒரு அறையில் உட்கார வைத்துப் பேசவிட வேண்டும்.

இவர் தாளை வாங்கிப் படித்து மடித்தார். பிறகு, "ஏன் வசந்தி, நீ திரும்பி வந்துருப்ப இல்ல?" விளையாட்டுக்குத்தான் கேட்டார். ஆனால் என் முகத்தைப் பார்த்தார்.

அப்பீல் செய்ய நாள் இல்லை. அக்காவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "சரி, சாப்பிட்டியே?" என்றாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வெயில். பெட்டியைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "உங்க வீட்டுலயே இருக்கட்டும்க்கா. எங்க போயிடப் போவுது," என்றாள் நசீமா. மறுபடி தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கல்யாணம். இங்கே மதியம். நானும் பட்டுக் கட்டிக்கொண்டு போன் முன்னால். மகள் டிவியில் செய்தி பார்க்கிற மாதிரி தூரத்திலிருந்து பார்த்தாள், பிறகு வந்து ஒட்டிக்கொண்டாள்.

அபி அச்சு அசல் அக்கா. ஆலத்தி வந்தது. தட்டுக்கு ஒரு பக்கம் அத்தானின் தங்கை. மறுபக்கம் யாரோ ஒரு பெண். தெரிந்த முகம் இல்லை. அழகாகத்தான் எடுத்தாள்.

எல்லாம் முடிந்து அக்கா போன். அந்தப் பெண் வீடியோ எடுக்க வந்தவரின் மனைவியாம். சுமங்கலி, தமிழ்ப் பெண், பக்கத்தில் நின்றாள், கூப்பிட்டுவிட்டார்கள்.

"வெறுங்கையோட விட ஏலாதுதானே. உனக்கு எடுத்த சீலையை அவவுக்குக் குடுத்திட்டன். கோவிக்காத."

"நல்லதுதான் அக்கா. என்ன நிறம்?"

"கத்தரிப்பூ."

இப்போதுதான் நினைவு வருகிறது. அவள் பிளேன் ஏறின அன்று, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சைகையில் கேட்டேன். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு சீலை என்று. நிறத்தைச் சொல்லத் தெரியாமல் என் தாவணியைப் பிடித்துக் காட்டினேன்.